உஷார்! பச்சை டிக்கை நம்பி லாரியை அனுப்பிவிடாதீர்கள்

தம்பு செட்டித் தெருவிலும் எர்ரபாலு செட்டித் தெருவிலும் ஷிப்பிங் ஆபீஸ் நடத்துகிறவர்கள், மணலி, திருவொற்றியூர் பக்கம் சி.எஃப்.எஸ். கன்டெய்னர் யார்டு வைத்திருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் இதை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள். உங்கள் ஆபீஸுக்கு ஒருவர் லேப்டாப்போடு வந்திருப்பார், இல்லையென்றால் சீக்கிரமே வருவார். யாரும் தொடாமலே ஸ்கிரீனில் மவுஸ் ஓடும். கட்டங்கள் தாமாக நிரம்பும், பட்டன் தானாக அமுங்கும், கடைசியில் வரிசையாகப் பச்சை டிக் விழும். “ஐந்நூறு டெஸ்ட் சார். ராத்திரி ஓடவிட்டால் காலையில் ரிப்போர்ட் ரெடி. இனிமேல் டெஸ்டிங்குக்கு ஆளே வேண்டாம்” என்பார்.

கையெழுத்துப் போடாதீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள்.

ஆட்டோமேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கிரீன் வழியாகத் தானாக ஓடும் டெஸ்ட் அளவோடு இருந்தால் பெரிய துணை. ஆனால் டெஸ்டிங் வகைகளிலேயே அதிகச் செலவு பிடிப்பதும், சீக்கிரம் உடைவதும், பொய்யான தைரியம் கொடுப்பதும் அதுதான். எண்ணிக்கை பார்த்து அதை வாங்கினால் முதல் வருஷம் பணம் போகும். இரண்டாவது வருஷம் அதைப் பராமரித்த பையன் வேறு வேலைக்குப் போய்விடுவான். அதன் பிறகு யாரும் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அப்படித் திறந்து பார்க்காத நாளில்தான் கோளாறு துறைமுகக் கேட்டுக்கு வந்து நிற்கும்.

வடசென்னைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கியது 1983-இல். இன்று சென்னைத் துறைமுகத்தில் இரண்டு, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஒன்று, காட்டுப்பள்ளியில் ஒன்று என ஒரே கரையில் நான்கு முனையங்கள். இறக்குமதிச் சரக்கை அதிகாரி முகம் பார்க்காமல் மதிப்பிடும் முறையைக் கஸ்டம்ஸ் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கியது சென்னையிலும் பெங்களூரிலும்தான், 2020 ஜூன் 8 அன்று. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கிய வேலை முழுக்க இப்போது ஸ்கிரீனுக்குள் போய்விட்டது. பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், டெலிவரி ஆர்டர், கன்டெய்னரைக் கேட்டுக்குள் விடும் ஃபார்ம் 13, ஈ-வே பில் எல்லாமே யாரோ ஒருவர் ஒரு பட்டனை அமுக்குவதில்தான் நகர்கின்றன.

அந்தப் பட்டன் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் விரைவுச் சாலையில் குடியிருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காசிமேடு ஜீரோ கேட்டில் ஒரு டிரெய்லர் நின்றால் அதன் பின்னால் நிற்பவை எத்தனை என்று அவர்களுக்குத் தெரியும். டிரைவர் சாப்பாடு இல்லாமல் கேபினில் உட்கார்ந்திருப்பார். ஏற்றுமதிக் கன்டெய்னர் கட்-ஆஃப் தாண்டினால் கப்பல் போய்விடும். இறக்குமதியாக இருந்தால் முனையத்தில் டெமரேஜ் ஏறும், ஷிப்பிங் லைன் டிடென்ஷன் போடும். இந்தச் செலவு சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்கில் ஏறுவதில்லை. சரக்குக்காரர், கஸ்டம்ஸ் ஏஜென்டான சி.எச்.ஏ., லாரி ஓனர் என்று தலைமேல் தலையாக இறங்கி, கடைசியில் டிரைவரின் படிக்காசில் வந்து நிற்கும்.

வெளிநாட்டுத் துறைமுகங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2013 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மேஹர் முனையம் தன் இயக்க சாஃப்ட்வேரை மாற்றியது. லாரி வரிசை வாரக்கணக்கில் தீரவில்லை. 2018 ஜூனில் இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகம் புது சாஃப்ட்வேருக்கு மாறியபோது மாதக்கணக்கில் தடுமாறியது. கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பெரிய பணமும் பெரிய ஆட்களும் இருந்த இடங்கள் அவை. நம் ஊரில் நான்கு பேரை வைத்து சாஃப்ட்வேர் நடத்தும் இடத்தில் தாக்குப்பிடிக்கும் பலம் இன்னும் குறைவு.

இனி பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். விற்க வருபவர் காட்டுவது டெஸ்ட் எழுதும் செலவை மட்டும்தான். ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஒரு தடவை நீங்கள் கிளிக் செய்தால் அது ஸ்கிரிப்டாகிவிடும், அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. டூலும் இலவசம். 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம், 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் இரண்டுக்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. அதனால் எல்லாமே மலிவாகத் தெரியும்.

செலவு எழுதும்போது வருவதில்லை. ஸ்கிரீன் மாறும்போதுதான் வரும். கஸ்டம்ஸ் ஒரு புதுக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் உங்கள் ஃபார்மில் அந்த வரி ஏறும். ரெக்கார்டர் எழுதிய ஸ்கிரிப்ட் “மூன்றாவது டேபிளில் ஏழாவது வரிசையில் இரண்டாவது கட்டம்” என்று முகவரி வைத்திருக்கும். ஒரு வரி கூடினாலே அந்த முகவரி தப்பு. லாகின் பக்கத்தில் ஓ.டி.பி. சேர்த்தால் ஐந்நூறும் ஒரே இரவில் சிவப்பு. அன்று முதல் உங்கள் டெஸ்டர் சாஃப்ட்வேரைச் சோதிப்பதை விட்டுவிட்டு ஸ்கிரிப்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தச் சம்பளத்தை யாரும் கொட்டேஷனில் காட்டுவதில்லை. கேட்டு வாங்குங்கள்: ஒரு ஸ்கிரீன் மாறினால் எத்தனை ஸ்கிரிப்டைத் தொட வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம், அந்த நேரத்துக்குக் காசு யாருடையது?

இன்னொரு கசிவு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஸ்கிரீன் டெஸ்ட் காரணமே இல்லாமல் சில சமயம் ஃபெயிலாகும். நெட் ஒரு நொடி தாமதம், பக்கம் முழுதாக வரும் முன்பே கிளிக், முந்தின டெஸ்ட் விட்டுப்போன டேட்டா என்று ஏதாவது இருக்கும். ஒவ்வொரு டெஸ்டும் 200 தடவையில் ஒரு தடவை மட்டும் இப்படிப் பொய்யாக ஃபெயிலாகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 டெஸ்ட் இருந்தால் எல்லாமே பச்சையாக வரும் வாய்ப்பு 22 சதவீதம்தான். சாஃப்ட்வேரில் ஒரு தப்பும் இல்லாமலே ஐந்து காலையில் நான்கு காலை சிவப்பில் விடியும். அதே தரத்தில் 20 டெஸ்ட் மட்டும் இருந்தால் பச்சை வரும் வாய்ப்பு 90 சதவீதம். டெஸ்ட் பெருகப் பெருக நம்பிக்கை குறைகிறது. விற்பவர் இதை ஒருபோதும் சொல்ல மாட்டார்.

கூகுளுக்கே இந்த நோய் உண்டு. 2016-இல் அவர்களே வெளியிட்ட கணக்கின்படி, ஓடிய டெஸ்டுகளில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையில்லாத முடிவு காட்டின. டெஸ்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் கோளாறு இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய முடிவுகளில் 84 சதவீதத்தில் இந்த மாதிரி டெஸ்ட்தான் சம்பந்தப்பட்டிருந்தது. கூகுளுக்கு இதைத் துரத்திப் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது ஒருவர்.

அந்த ஒருவர் என்ன செய்வார் என்பதும் தெரிந்ததுதான். “ஃபெயிலானால் மூன்று தடவை திரும்ப ஓட்டு, ஒரு தடவை பாஸானாலும் பச்சை போடு” என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டுவிடுவார். மறுநாள் முதல் ரிப்போர்ட் பளிச்சென்று இருக்கும். ஆனால் மூன்று தடவையில் இரண்டு தடவை நிஜமாகவே தொங்கும் ஸ்கிரீனும் அந்தப் பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். கேட்டில் இருக்கும் கிளார்க்குக்கு மூன்று தடவை முயற்சி பண்ண நேரம் கிடையாது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

பொய்ப் பச்சை உருவாகும் விதத்தை ஒரு ஸ்கிரீனில் வைத்துப் பார்த்துவிடலாம். ஃபார்ம் 13 பக்கம், அடியில் “சமர்ப்பி” பட்டன். புது அப்டேட்டில் பக்கத்தின் அடியில் ஓர் அறிவிப்புப் பட்டை சேர்க்கிறார்கள். டெஸ்ட் மெஷினில் ஸ்கிரீன் அகலம் 1920 புள்ளி, அங்கே பட்டனும் தெரியும், பட்டையும் தெரியும். கேட் ஆபீஸில் இருப்பதோ பழைய 1366 புள்ளி மானிட்டர். எழுத்து பொடியாக இருக்கிறது என்று ஜூமை 125-இல் வைத்திருக்கிறார்கள். அங்கே பட்டை சரியாகப் பட்டன் மேல் உட்கார்ந்துகொள்ளும். கிளார்க் எவ்வளவு கிளிக் செய்தாலும் நகராது. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? முன்பு ஒரு தடவை கிளிக் தடங்கியபோது டெஸ்டர் “தடை இருந்தாலும் கட்டாயமாக அமுக்கு” என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். மனிதக் கையால் தொட முடியாத பட்டனை ஸ்கிரிப்ட் பின்வழியாகத் தட்டிவிட்டுப் பச்சை போட்டுவிடும். உங்கள் ஸ்கிரிப்டுகளில் இப்படிக் கட்டாயக் கிளிக் எத்தனை இருக்கிறது என்று இன்றே தேடச் சொல்லுங்கள். தேட ஐந்து நிமிஷம்தான். ஸ்கிரிப்ட் ஓடும் ஸ்கிரீன் அளவையும் கேட் ஆபீஸ் மானிட்டர் அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள், அதற்குச் செலவே இல்லை.

சரி, எதை ஸ்கிரீன் வழியாகச் சோதிப்பது, எதைச் சோதிக்கக் கூடாது? இதில்தான் மிச்சமும் விரயமும் பிரிகின்றன. நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் போட்டு ஒரு சோதனை எண். ஐ.எஸ்.ஓ. 6346 தரம் அது. எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு: ஏ என்றால் 10, பி என்றால் 12. 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட்டு மேலே போக வேண்டும். முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அடுத்ததை 4-ஆல் என்று இரட்டித்துப் பெருக்கிக்கொண்டே போய், பத்தாவது இடத்தை 512-ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சோதனை எண். மீதி 10 வந்தால் 0 என்று போடுவார்கள். பாடத்துக்குக் காட்டும் எண் ஒன்று உண்டு: சி.எஸ்.க்யூ.யூ. 305438. கூட்டினால் 6185, மீதி 3. கிளார்க் அவசரத்தில் 5, 4 இரண்டையும் இடம் மாற்றி 304538 என்று அடித்துவிட்டால் கூட்டு 6249, மீதி 1. பெட்டியில் இருப்பது 3. தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும். இந்த ஒரு கணக்கு சரியாக ஓடினால், வேறொருவர் கன்டெய்னருக்கு உங்கள் பேப்பர் போவது பெருமளவு நிற்கும்.

இதைச் சோதிக்க ஆயிரம் எண்ணாவது போட்டுப் பார்க்க வேண்டும். மீதி 10 வரும் எண்கள், இடம் மாறிய எண்கள், சின்ன எழுத்தில் அடித்தவை, நடுவில் இடைவெளி விட்டவை என்று பலவகை. பிரவுசரைத் திறந்து, லாகின் செய்து, ஃபார்முக்குப் போய், ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் ஒரு எண்ணுக்கு அரை நிமிஷம், ஆயிரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். அதே கணக்கை அந்த ஃபங்ஷனிடம் நேராகக் கேட்டால் ஆயிரமும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஸ்கிரீன் நிறம் மாறினாலும் அந்த டெஸ்ட் உடையாது. ஸ்கிரீன் வழியாக இதைச் சோதிப்பது துறைமுகக் கிரேனை வைத்துக் குண்டூசி எடுக்கிற வேலை. ஸ்கிரீனில் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு: சரியான எண்ணுக்கு வழி விடுகிறதா, தப்பான எண்ணுக்குக் கிளார்க் படிக்கும்படி எச்சரிக்கை காட்டுகிறதா. ஆயிரம் டெஸ்ட் இரண்டாகிவிட்டது. மைக் கோன் 2009-இல் எழுதிய புத்தகத்தில் பிரமிட் வடிவம் வரைந்து சொன்னதும் இதுதான்: அடியில் சின்ன டெஸ்ட் நிறைய, நடுவில் சர்வீஸ் அளவில் கொஞ்சம், உச்சியில் ஸ்கிரீன் டெஸ்ட் கைவிரல் எண்ணிக்கையில். நம் கம்பெனிகளில் பெரும்பாலும் நான் பார்ப்பது அதன் தலைகீழ்.

தேதியும் அப்படித்தான். இது பலர் கவனிக்காத குழி. டெஸ்டைப் பகலில் ஓட்டுகிறவர்களும் உண்டு. துறைமுகமோ ராத்திரி முழுக்க ஓடுகிறது. சர்வர் கிளவுடில் இருக்கிறது, அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு ஐந்தாம் தேதி விடியற்காலை 2 மணி என்றால் அதற்கு நான்காம் தேதி இரவு 8.30. ஈ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, அந்த முதல் நாள் மறுநாள் நள்ளிரவு வரை செல்லும். 5-ஆம் தேதி விடியற்காலை எடுத்த பில் 6-ஆம் தேதி முழுக்கச் செல்லும். தேதியைச் சர்வர் கடிகாரத்தில் எடுக்கும் சாஃப்ட்வேர் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று காட்டும். சூப்பர்வைசர் பயந்து லாரியை ஓரங்கட்டச் சொல்லுவார். நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5.30 வரை மட்டும் தலைகாட்டும் இந்தத் தப்பைப் பகல் பத்து மணிக்கு ஓடும் ஐந்நூறு ஸ்கிரீன் டெஸ்டும் பிடிக்காது. “இப்போது மணி இரண்டு என்று வைத்துக்கொள்” என்று கணக்கிடும் பகுதிக்கே நேரத்தைக் கொடுத்துச் சோதிக்கும் ஒரே ஒரு சின்ன டெஸ்ட் பிடித்துவிடும்.

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2017-18-இல் ஐ.ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் குவியல் குவியலாக மாட்டிக்கொண்டது. ஷிப்பிங் பில்லில் ஒரு இன்வாய்ஸ் எண், ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் வேறு மாதிரி எழுதிய இன்வாய்ஸ் எண். எஸ்.பி.005 என்ற பிழைக் குறியீட்டை அன்று உச்சரிக்காத சி.எச்.ஏ. இல்லை. 2018 மார்ச்சில் ரீஃபண்டுக்கென்றே தனிச் சிறப்பு முகாம் நடத்த வேண்டி வந்தது. இரண்டு ஸ்கிரீனும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தன, தனித்தனியே டெஸ்ட் போட்டால் இரண்டும் பச்சை. தொழிலை நிறுத்தியது இரண்டுக்கும் நடுவில் பொருந்தாமல் போன எழுத்துகள். ஒரு ஆவணத்தில் பிறந்த எண் கடைசி ஆவணம் வரை ஓர் எழுத்து மாறாமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு முதலில் காசு ஒதுக்குங்கள். அதையும் பெரும்பாலும் பிரவுசர் திறக்காமலே செய்துவிடலாம்.

ஸ்கிரீன் டெஸ்டால் பிடிக்கவே முடியாதவை உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈ-வே பில் போர்ட்டல் 2018 பிப்ரவரி 1 அன்று கட்டாயமாகத் தொடங்கியது. கூட்டம் தாங்காமல் அன்றே திணறியதால் ஒத்திவைத்து, ஏப்ரல் 1 முதல் மீண்டும் கொண்டுவந்தார்கள். ஒரு ஆள் கிளிக் செய்வது போல் ஓடும் டெஸ்ட் பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லாது. அது தனி வேலை.

இன்னொன்று, பட்டன் சொன்னபடியே வேலை செய்து நாசம் விளைவிப்பது. 2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டிபேங்க் ரெவ்லான் கம்பெனியின் கடனுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்பப் போய், கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. ஃப்ளெக்ஸ்கியூப் சாஃப்ட்வேரில் மூன்று கட்டங்களில் டிக் போட வேண்டிய இடத்தில் ஒன்றில் மட்டும் போட்டார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகும் நடந்தது. சுமார் 50 கோடி டாலரைத் திரும்பப் பெற 2022 செப்டம்பர் வரை கோர்ட் படி ஏற வேண்டி வந்தது. அந்த ஸ்கிரீனுக்கு ஆயிரம் ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதியிருந்தாலும் எல்லாம் பாஸாகியிருக்கும், ஏனென்றால் கட்டங்கள் எழுதியபடியே நடந்துகொண்டன. புரியாத ஸ்கிரீன் என்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க முடியும். ஸ்கிரிப்டைக் குறைத்து மிச்சமாகும் பணத்தில் மாதம் ஒரு நாள் உங்கள் டெஸ்டரை கேட் ஆபீஸுக்கு அனுப்பி, கிளார்க் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எங்கே அவர் திகைக்கிறார், எந்தக் கட்டத்தைச் சும்மா எதையாவது அடித்துக் கடக்கிறார் என்று எழுதி வரட்டும். எந்த டூலும் தராத விஷயம் அந்த ஒரு நோட்டில் இருக்கும்.

இனி வாங்கும் விதம். எந்த ஸ்கிரீன் நின்றால் லாரி நிற்கும், எது நின்றால் பணம் நிற்கும் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். லாகின், கேட்-இன் ஃபார்ம், டெலிவரி ஆர்டர், கட்டணம், பில் ஆஃப் என்ட்ரி தயாரிப்பு என்று பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பாதைகளுக்கு மட்டும் ஸ்கிரீன் டெஸ்ட் போதும். வாரா வாரம் மாறும் ஸ்கிரீனுக்கு இப்போது வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கும் ரிப்போர்ட் பக்கத்துக்கு எப்போதுமே வேண்டாம், கையால் பார்த்துவிடுங்கள்.

டெவலப்பரையும் டெஸ்டரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு முக்கியப் பட்டனுக்கும் டெஸ்டுக்கென்றே மாறாத ஒரு பெயர் வைத்துவிட்டால், அது ஸ்கிரீனில் எங்கே நகர்ந்தாலும் ஸ்கிரிப்ட் உடையாது. பராமரிப்புச் செலவைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஸ்கிரிப்டில் “ஐந்து நொடி சும்மா இரு” என்று எழுதியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். “இந்தப் பட்டன் தயாராகும் வரை இரு” என்றுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய டேட்டாவைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பொய்யாக ஃபெயிலாகும் டெஸ்டை அன்றே தனியே ஒதுக்கி, ஒரு வாரத்துக்குள் சரி செய்யுங்கள், முடியாவிட்டால் அழித்துவிடுங்கள். அழிக்கத் தயங்காதீர்கள்.

“ஏ.ஐ. இருக்கிறது, ஸ்கிரிப்ட் உடைந்தால் தானே சரி செய்துகொள்ளும்” என்று இப்போது புதிதாக ஒரு பேச்சு. இதில் இரட்டை உஷார் தேவை. பட்டன் இடம் மாறியதால் உடைந்தால் தானாகச் சரியாவது நல்லதுதான். பட்டனே காணாமல் போனதால் உடைந்திருந்தால், அது பக்கத்தில் இருக்கும் வேறொரு பட்டனைப் பிடித்துக்கொண்டு பாஸ் போடக்கூடும். எதை மாற்றியது என்ற பட்டியலை ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மாற்றம் நிலைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் ஸ்கிரிப்ட் எண்ணிக்கைக்குக் காசு என்று ஒருபோதும் போடாதீர்கள். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். ஸ்கிரிப்டுகள் உங்கள் சொத்து என்றும், முழு சோர்ஸ் கோடும் உங்கள் கையில் இருக்கும் என்றும் எழுதுங்கள். பில் கொடுக்கும் முன் ஒரு பரீட்சை வையுங்கள். டெஸ்ட் சர்வரில் உங்கள் டெவலப்பரை விட்டு வேண்டுமென்றே பத்து இடத்தில் தப்புச் செய்யச் சொல்லுங்கள். கட்டணத்தில் ஒரு சைபர் கூட்டட்டும், கன்டெய்னர் சோதனை எண்ணைப் பார்க்காமல் விடட்டும், டெலிவரி ஆர்டரை வேறு பார்ட்டிக்குத் திருப்பட்டும். எங்கே தப்பு வைத்தோம் என்று வந்தவரிடம் சொல்லாமல் ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லுங்கள். பத்தில் எத்தனை சிவப்பாகிறதோ அதுதான் நீங்கள் வாங்கும் சரக்கு. ஐந்நூறு டெஸ்டும் பச்சையாகவே நின்றால், அவை கிளிக் செய்கின்றனவே தவிர எதையும் சரிபார்க்கவில்லை. இந்த ஒரு மத்தியான வேலை லட்சக்கணக்கில் காப்பாற்றும்.

இதே இடத்தில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வட்டிக்கு வாங்கி “செலினியம் கோர்ஸ்” கட்டணம் கட்டும் பெற்றோரைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ரெக்கார்ட் செய்து ஓடவிடுவதை மட்டும் கற்றுக் கொடுக்கும் இடத்தில் காசு கட்டாதீர்கள். புரோகிராமிங், டேட்டாபேஸ், ஏ.பி.ஐ. சோதனை இந்த மூன்றும் பாடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். செலினியமும் பிளேரைட்டும் தங்கள் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. துறைமுகத் தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஃபார்ம் 13 என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த அறிவுக்கு டெஸ்டிங்கில் நல்ல விலை உண்டு.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் அவசரம். ஸ்கிரிப்ட் ஓடும் மெஷினை இப்போதே போய்ப் பாருங்கள். அதில் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் செருகியிருக்கிறதா? கஸ்டம்ஸின் ஐஸ்கேட் போர்ட்டலுக்கோ ஈ-வே பில் போர்ட்டலுக்கோ உங்கள் நிஜ லாகின் அந்த ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருக்கிறதா? இருந்தால் அது டெஸ்ட் இல்லை, ஃபைலிங். ராத்திரி தானாக ஓடி, உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தோடு பில் ஆஃப் என்ட்ரி போய் விழும். அதில் சொன்னது உண்மை என்று உறுதி கொடுத்தவர் சட்டத்தின் முன் இறக்குமதியாளர்தான், ஸ்கிரிப்ட் எழுதியவர் இல்லை. ஈ-வே பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். சனிக்கிழமை ராத்திரி உருவானதைத் திங்கள் காலை பார்த்தால் கதை முடிந்தது. அரசு போர்ட்டல் தரும் பதிலைப் போலவே பதில் தரும் ஒரு போலி சர்வரை உங்கள் டெவலப்பர் இரண்டு மூன்று நாளில் எழுதிவிடுவார், டெஸ்ட் எல்லாம் அதன் மேல் ஓடட்டும். போர்ட்டலின் ஃபார்மட் மாறும்போது அந்தப் போலியையும் மாற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். அதுவரை, இன்று சாயங்காலம் ஆபீஸ் பூட்டும் முன் டோக்கனைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், ராத்திரி ஓட்டத்தை நிறுத்தி வையுங்கள்.